மாரியூர்ப் பலகையில் உடைந்த சொல்

ராமநாதபுரம் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் ஆட்டோக்காரர் என் பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டு, ராமேஸ்வரமா தேவிபட்டினமா என்று கேட்டார். வெளியூர்க்காரர்கள் இங்கே இறங்கினால் அந்த இரண்டில் ஒன்றுக்குத்தான் போவார்கள் என்பது அவர் நினைப்பு. இரண்டும் இல்லை, இன்றைக்கு இங்கேயே தங்குகிறேன், நாளை மாரியூருக்கு ஒரு பெயர் வைக்கிற விஷயமாகப் போக வேண்டும் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. குழந்தை ஆணா பெண்ணா என்று கேட்டார். விளக்க ஆரம்பித்து, பாதியில் எனக்கே மூச்சு முட்டியதால், இன்னும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன். விடுதி வாசலில் இறக்கிவிடும்வரை அவர் என்னைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார்.

நான் கோயம்புத்தூர்க்காரி. பல வருடம் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்துவிட்டு, இப்போது வீட்டிலிருந்தபடி தொழில்நுட்ப ஆவணங்களைத் தமிழில் எழுதிக் கொடுக்கிறேன். எனக்கு வேலை தருகிற குழு ஒன்று இருக்கிறது. தொலைபேசி நிலையம் வரைக்கும் வந்துவிட்ட இணையம், அங்கிருந்து ஒரு வீட்டுக்குள் போய்ச் சேர வேண்டிய கடைசித் தொலைவை எப்படிக் கடக்க வேண்டும் என்று விதி எழுதுகிற குழு அது. கம்பி வழியாகப் போகலாம், கண்ணாடி இழை வழியாகப் போகலாம், கம்பத்திலிருந்து காற்றிலும் போகலாம். எப்படிப் போனாலும் ஒரு கம்பெனியின் கருவி இன்னொரு கம்பெனியின் கருவியோடு பேச வேண்டும், உப்புக் காற்றில் துருப்பிடிக்காமல் நிற்க வேண்டும். இப்படி நூற்றுக்கணக்கான விதிகள்.

அந்தக் குழுவுக்கு ஆங்கிலத்தில் ஆறெழுத்தில் ஒரு சுருக்கப் பெயர் உண்டு. விரித்துச் சொல்லச் சொன்னால் உறுப்பினர்களிலேயே பாதிப் பேர் தடுமாறுவார்கள். தமிழில் ஒரு பெயர் வேண்டும் என்று இரண்டு வருடத்துக்கு முன்னால் என்னைக் கேட்டார்கள். அகராதிகளைப் பரப்பி வைத்துக்கொண்டு ஒரு வாரம் உட்கார்ந்து நான் செய்து கொடுத்த பெயர்: அகலக்கற்றை அணுகல் தொழில்நுட்பத் தர நிர்ணயக் குழு. சொல்லுக்குச் சொல் சரியான பெயர். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

கடற்கரை ஊர்களுக்கான விதிகளை எழுதுவதற்காக மாரியூரில் ஒரு சோதனைக் கம்பம் நட்டு ஒரு வருடம் அளந்து பார்ப்பதாகத் திட்டம். அஸ்திவாரம் போட்டதோடு வேலை நின்றுபோயிருந்தது. ஊர் தடுத்துவிட்டது, காரணம் குழுவின் பெயர் என்று ஒரே ஒரு வரியில் அறிக்கை வந்தது. இந்த மாதத்துக்குள் தீராவிட்டால் சோதனையை வேறு மாநிலத்துக் கடற்கரைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். பெயர்தான் சிக்கல் என்றால் ஊருக்குப் புரிகிற மாதிரி வேறு பெயர் கண்டுபிடித்துக்கொண்டு வாருங்கள் என்றார் குழுத் தலைவர். ஒரு பெயர் எப்படி ஒரு கம்பத்தைத் தடுக்கும் என்று எனக்கு விளங்கவில்லை. பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையில்தான் உடனே கிளம்பினேன்.

முதல் நாள் மதியம் நம்புராஜன் வந்து என்னைச் சாப்பிட அழைத்துப்போனார். குழுவின் களப் பொறியாளர் அவர். நயினார்கோவில் பக்கத்துக் கிராமம், முப்பது வயது, கழுத்தில் அடையாள அட்டை. சின்ன மெஸ்ஸில் இலை போட்டு, நகரை மீன் குழம்பை ஊற்றினார்கள். எங்கள் ஊரில் மீன் என்றால் வஞ்சிரத் துண்டுதான். இந்த நகரை உள்ளங்கை நீளச் சிவப்பு மீன். முள்ளோடு மல்லுக்கட்டி நான் ஒன்றைத் தின்று முடிப்பதற்குள் நம்புராஜன் நான்கு மீனைச் சுத்தமாக எலும்புக்கூடாக்கி இலையோரம் அடுக்கிவிட்டார். குழம்பின் காரம் நாக்கில் உடனே தெரியவில்லை. சற்றுப் பொறுத்துக் காதில் தெரிந்தது. உருண்டையாக இருக்கும் இந்த ஊர் முண்டு மிளகாயின் குணம் அதுதான் என்றார்.

மாரியூரில் என்னதான் பிரச்சினை என்று கேட்டேன். அவர் மோரைக் குடித்துவிட்டு, "நான் சொன்னா நம்ப மாட்டீங்க மேடம். அங்கன வந்து நீங்களே பாத்துக்கிருங்க" என்றார்.

மறுநாள் காலையில் அவருடைய மோட்டார் சைக்கிளில் புறப்பட்டோம். பங்குனி வெயில் எட்டு மணிக்கே முதுகில் ஏறிவிட்டது. இரண்டு பக்கமும் சீமைக் கருவேல மரங்கள், அதைத் தாண்டிப் பனை மரங்கள், எங்கேயாவது ஒரு வறண்ட கண்மாய். மாரியூருக்கு முன்னால் வருகிற சிறு நகரம் சாயல்குடி; அதற்குப் பாதித் தூரத்தில் பின்சக்கரம் தள்ளாடியது. கருவேல முள். பஞ்சர் கடை வரை வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். கடைக்காரர் டயரிலிருந்து ஆறு முள்ளைப் பிடுங்கி, மருத்துவர் மாதிரி என் கையில் கொடுத்தார். பக்கத்தில் ஒருவர் பதநீர் விற்றுக்கொண்டிருந்தார். பனை ஓலையை மடித்துப் பட்டையாக்கி அதில் ஊற்றிக் கொடுத்ததை இரண்டு கையாலும் ஏந்திக் குடிக்கத் தெரியாமல் பாதியைச் சேலையில் விட்டுக்கொண்டேன். மிச்சப் பாதியின் ருசிக்காகவே இன்னொரு முறை அந்த முள் குத்தினாலும் பரவாயில்லை என்று தோன்றியது.

மாரியூர் கடலை ஒட்டிய ஊர். உப்பளங்களைத் தாண்டினால் சிவன் கோயில், அப்புறம் வீடுகள், அப்புறம் மணலில் ஏற்றி வைத்த நாட்டுப் படகுகள். ஊர் முகப்பில், மணல்மேட்டுக்குப் பக்கத்தில் இரும்புக் கம்பம் படுத்துக் கிடந்தது. அருகில் சதுரமாக ஒரு கான்கிரீட் மேடை. அதன் முன்னால் தகரப் பலகை.

பலகை அகலம் குறைவு. எழுத்து பெரிதாக இருக்க வேண்டும் என்று சாயல்குடி ஓவியர் நினைத்திருக்கிறார். அதனால் குழுவின் பெயரை மூன்று வரியாக்கியிருந்தார். முதல் வரியில் 'அகலக்கற்றை அணு' என்று இருந்தது. இரண்டாவது வரியில் 'கல் தொழில்நுட்பத்'. மூன்றாவது வரியில் 'தர நிர்ணயக் குழு'. கீழே சிவப்பு எழுத்தில், 'அனுமதியின்றி நெருங்கக் கூடாது.'

நான் அதை இரண்டு முறை வாசித்தேன். இரண்டாம் முறை ஒவ்வொரு வரியின் முடிவிலும் நிறுத்தி வாசித்தேன்.

"அணுக் கல்லைப் புதைக்கிறாகன்னு ஊரே நினைச்சுருச்சு மேடம்" என்றார் நம்புராஜன் மெதுவாக. "ஆபீசுக்கு ரெண்டு பக்கம் எழுதி அனுப்புனேன். அங்க அத ஒரு வரியாக்கிட்டாக."

எனக்குச் சிரிக்க வரவில்லை. கடற்கரையில் ஒரு குழி, இரும்பு, கான்கிரீட், பக்கத்தில் வராதே என்று சிவப்பு எழுத்து, மேலே அணு. நான் அந்த ஊரில் பிறந்திருந்தால் நானும் கடப்பாரையைப் பிடுங்கி எறிந்திருப்பேன்.

ஊர்த் தலைவர் நாகசாமி வலை பின்னும் கொட்டகையில் இருந்தார். வேலையை நிறுத்தாமலே எங்களை உட்காரச் சொன்னார். பெயரில் பிழை நேர்ந்துவிட்டது, நல்ல பெயராக மாற்றத்தான் வந்திருக்கிறேன் என்று நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு, "பேரை மாத்துனா உள்ள கெடக்கது மாறிருமா தாயி? மாத்துறாகன்னாலே என்னமோ மறைக்கிறாகன்னுதான அர்த்தம்" என்றார். குரலில் கோபம் இல்லை. நாளை மறுநாள் படகு போகாது, ஊர் மொத்தமும் கரையில் இருக்கும், அன்றைக்கு வந்து எல்லோர் முன்னாலும் பேசுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

அந்தப் பலகையை முதலில் வாசித்தவரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். நம்புராஜன் சற்றுத் தயங்கிவிட்டு, கோயில் தெருவில் ஒரு சிறிய அறைக்குக் கூட்டிப்போனார். உள்ளே ஒரு கணினி, ஒரு பிரிண்டர், சுவரில் கட்டுக் கட்டாக மனுத்தாள்கள். உமையாள் என்ற பெண் அங்கே உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். கணவர் நாட்டுப் படகில் போகிறவர். ஊருக்கு மனு எழுதிக் கொடுப்பது, விண்ணப்பம் நிரப்புவது, வந்த கடிதத்தை வாசித்துச் சொல்வது இவர் வேலை. மாரியூரில் இணையம் நூலிழைபோல் வருவதால், நிரப்பிய விண்ணப்பங்களை ஒரு பென்டிரைவில் போட்டுக்கொண்டு சாயல்குடிக்குப் பஸ்ஸில் போய் அனுப்பிவிட்டு வருவாராம். அந்தக் கம்பம் எழுந்திருந்தால் முதல் இணைப்பு இந்த அறைக்குத்தான் வந்திருக்கும்.

எங்கள் ஊரில் விருந்தாளியை "வாங்க, உட்காருங்க, என்னங்க சாப்பிடறீங்க" என்று வார்த்தைக்கு ஒரு 'ங்க' போட்டுக் கரைப்போம். உமையாள் ஒன்றும் கேட்காமல் எழுந்துபோய்த் தட்டில் சோறும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்து வைத்தார்.

நான் சாப்பிடும்போது நடந்ததைச் சொன்னார். பலகை வைத்த அன்று ஊர்ப் பெண்கள் அவரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவர் பலகையில் இருந்ததை இருந்தபடி வாசித்திருக்கிறார். வேலை நின்ற பிறகு, மேடை போட்ட ஒப்பந்தக்காரர் வந்து, ஊர்க் கூட்டத்தில் வைத்து, அங்கே எழுதியிருப்பது ஒரே வார்த்தை, எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாத பொம்பளை பேச்சைக் கேட்டு வேலையைக் கெடுத்துவிட்டீர்கள் என்று சத்தம் போட்டிருக்கிறார். அதற்குப் பின் ஊர்க்காரர்கள் அவரை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் காகிதங்களை எடுத்துக்கொண்டு சாயல்குடிக்குப் போக ஆரம்பித்துவிட்டார்கள். இவ்வளவையும் வானிலை அறிக்கை வாசிப்பதுபோல் சொன்னார்.

பிறகு கேட்டார்: "இந்தப் பேரை எழுதுனது யாருக்கா?"

"குழுவில் எழுதியதுங்க" என்றேன்.

"குழுன்னா?"

"நாலைந்து பேர் சேர்ந்து" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். அந்தக் குழம்பின் ருசி இப்போதும் நினைவிருக்கிறது. அறிமுகமே இல்லாத ஒரு பெண் சோறு போட்டுக் கேட்ட முதல் கேள்விக்கு நான் பொய் சொல்லியிருந்தேன்.

மூன்றாம் நாள் நம்புராஜன் தன் ஊருக்கு அழைத்துப்போனார். மாரியூரில் பேசுவதற்கு முன்னால் உள்நாட்டுக் கிராமங்களில் இந்தத் தொழில்நுட்பத்தை மக்கள் என்ன சொல்லி அழைக்கிறார்கள் என்று கேட்டுவிட வேண்டும் என்று நான்தான் விரும்பினேன். நயினார்கோவிலைத் தாண்டியதும் களங்களில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. தரை தெரியாத அளவுக்குச் சிவப்பு. வண்டியிலிருந்து இறங்கியதும் அடுக்கடுக்காகத் தும்மினேன். மிளகாயைக் கிளறிக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு எண்ணினார்கள். பதினொன்றில் நின்றது.

நம்புராஜனின் அய்யா குருசாமி விவசாயி. மகனைப் போலவே குறைவாகப் பேசுகிறவர். தண்ணீர் கொடுத்துவிட்டு, மகன் பார்க்கிற வேலையைப் பற்றி என்னிடம் விசாரித்தார். நான் விளக்கினேன். "இம்புட்டுத்தானா" என்றார். அதன் பிறகு ஒரு விஷயம் சொன்னார். போன ஆவணியில் மகனுக்குப் பரமக்குடிப் பக்கம் பெண் பார்த்து, எல்லாம் பொருந்தி, பெண்ணின் தாய்மாமன் மாப்பிள்ளையின் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்திருக்கிறார். அட்டை சின்னது. அதிலும் பெயர் அதே இடத்தில் உடைந்திருந்தது. "அணுவுல வேலை பாக்குறவருக்குப் பிள்ளை பெறக்காதுன்னு சொல்லிட்டாக. நான் என்ன பதில் சொல்ல முடியும்? எனக்கே என்ன வேலைன்னு தெரியாதே" என்றார்.

நம்புராஜன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இதை அவர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

"அந்தப் பேரை வச்சது நான்தாங்க" என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொன்னதில்லை. வாயிலிருந்து விழுந்துவிட்டது.

நம்புராஜன் அட்டையைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு களத்துக்குப் போனார். அங்கே ஒரு பெண்ணின் கையிலிருந்த பலகையை வாங்கி மிளகாயைக் கிளற ஆரம்பித்தார். கால் மணி நேரம் கிளறியிருப்பார். நானும் குருசாமியும் வாசலில் அவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். திரும்பி வந்தபோது அவர் கண் சிவந்திருந்தது; மிளகாயா வேறெதுவுமா என்று நான் கேட்கவில்லை.

"ஒப்பந்தக்காரர் அந்தக்காவை வாசிக்கத் தெரியாதவன்னு சொன்னப்ப நானும் அங்கனதான் நின்னேன் மேடம்" என்றார். "அது சரியாத்தான் வாசிச்சுச்சுன்னு எனக்குத் தெரியும். ஒண்ணும் பேசாம வந்துட்டேன்." கொஞ்சம் பொறுத்து, "நாளைக்கு ரெண்டு பேருமே பேசணும்" என்றார்.

சாயங்காலம் தேவிபட்டினத்துக்குப் போனோம். அங்கே குழுவின் கம்பம் ஒன்று போன வருடமே எழுந்து வேலை செய்துகொண்டிருக்கிறது. அதற்குப் பலகை வைக்க மறந்துவிட்டார்களாம், அதனால் சிக்கலே வரவில்லை. கடலுக்குள் போகும் பாலத்தில் நடந்து நவபாஷாணக் கற்களைப் பார்த்தேன். வந்தவர்கள் தண்ணீரில் இறங்கி ஒன்பது கல்லையும் சுற்றிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் நவக்கிரகத்தை எண்ணெய்ப் பிசுக்கோடு மூலையில் பார்த்தே பழகிய எனக்கு, அலை வந்து தொட்டுவிட்டுப் போகிற கிரகங்கள் புதிதாக இருந்தன.

கரையில் பூ விற்றவர், தேங்காய் விற்றவர், செருப்புப் பார்த்துக்கொள்கிறவர் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். 'அணுகல்' என்றால் என்ன? பூக்காரப் பெண் மட்டும், மனை விற்பனைக்கு அணுகவும் என்று போடுவார்களே அதுவா என்று கேட்டார். 'அகலக்கற்றை' என்றதும் தேங்காய்க்காரர் தலைமுடியையா சொல்கிறீர்கள் என்றார். 'தரக் குழு' என்று சுருக்கிச் சொல்லிப் பார்த்தேன். செருப்புக்காரர் காதில் அது தரகுக் குழு என்று விழுந்துவிட்டது. நிலமா வீடா, எதற்குத் தரகு என்று விசாரித்தார். அப்படியானால் அந்தக் கம்பத்தை நீங்கள் என்னவென்று சொல்வீர்கள் என்று கேட்டதற்கு மூவரும் ஒரே பதில் சொன்னார்கள்: வீட்டுக்கு நெட்டு வர்ற கம்பம். நான் ஒரு வாரம் அகராதியோடு உட்கார்ந்து தேடியதை அவர்கள் சில்லறை கொடுத்தபடியே சொல்லிவிட்டார்கள்.

நான்காம் நாள் காலை வலைக் கொட்டகையில் ஊர் கூடியிருந்தது. ஆண்கள் மணலில், பெண்கள் கொட்டகை நிழலில். உமையாள் கடைசியில் தூணோரமாக நின்றார். நாகசாமி என்னைப் பேசச் சொன்னார்.

அந்தப் பெயரை எழுதியது நாலைந்து பேர் இல்லை, நான் ஒருத்திதான் என்று ஆரம்பித்தேன். அகராதியைப் பார்த்து எழுதினேன், எழுதிய பிறகு ஒரு மனிதரிடம்கூட வாசித்துக் காட்டிக் கேட்கவில்லை என்றேன். பலகையில் எழுதியிருப்பதை உமையாள் சரியாகத்தான் வாசித்தார், அங்கே அணு என்றுதான் இருக்கிறது, யார் வாசித்தாலும் அப்படித்தான் வாசிக்க முடியும், தப்பு வாசித்தவரிடம் இல்லை, எழுதியவளிடம் என்றேன். முந்தாநாள் அவர் என்னைக் கேட்டபோது நான் பொய் சொன்னதையும் சொன்னேன். நம்புராஜன் எழுந்து என் பக்கத்தில் நின்று, ஒப்பந்தக்காரர் பேசிய அன்று தான் வாய் திறக்காமல் இருந்ததைச் சொல்லி, உமையாளைப் பார்த்துக் கைகூப்பினார்.

பெண்கள் பக்கம் ஒரே சலசலப்பு. சிலர் திரும்பித் தூணைப் பார்த்தார்கள். உமையாள் யாரையும் பார்க்கவில்லை. முந்தானை நுனியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நாகசாமி எழுந்து மணல்மேட்டுப் பக்கம் பார்த்தார். பிறகு, "பேச்சு சரிதான். ஆனா அந்த மேடைக்குள்ள என்ன கெடக்குன்னு நாங்க பாக்கணும்" என்றார்.

மேடையை உடைப்பதற்கு அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். வாங்க நினைத்தால் ஒரு மாதம் ஆகும். அதற்குள் சோதனை வேறு கடற்கரைக்குப் போய்விடும். நம்புராஜன் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவர் சட்டையைக் கழற்றி வண்டி மேல் போட்டுவிட்டு ஒரு கடப்பாரை கேட்டார். ஊரிலிருந்து மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். வெயில் உச்சிக்கு வரும்வரை உடைத்தார்கள். ஊரே சுற்றி நின்றது. இரும்புக் கம்பி வந்தது, திருகாணிகள் வந்தன, கான்கிரீட் கட்டி கட்டியாகப் பெயர்ந்து கருங்கல் ஜல்லி உதிர்ந்தது. அதோடு மணல் வந்துவிட்டது.

ஒருவர் ஜல்லியைக் கையில் அள்ளிப் பார்த்து, "கல்லு இருக்கு. அணுவைக் காணோம்" என்றார். முதல் முறையாக ஊர் சிரித்தது.

நம்புராஜன் சிரிக்கவில்லை. குழிக்குள் இறங்கி அளவு நாடாவைப் பிடித்தார். மறுபடியும் பிடித்தார். நான் தமிழில் எழுதிக் கொடுத்த விதியிலேயே அஸ்திவாரத்தின் ஆழம் இருக்கிறது. ஒப்பந்தக்காரர் போட்டிருந்தது அதில் பாதிதான். கம்பத்தை இதன் மேல் நிறுத்தியிருந்தால் ஐப்பசிக் காற்றுக்கே சாய்ந்திருக்கும் என்றார். சாய்ந்தால் எந்தப் பக்கம் என்று நாகசாமி கேட்டார். நம்புராஜன் காற்று வரும் திசையைப் பார்த்துவிட்டு எதிர்ப் பக்கம் கையை நீட்டினார். அந்தப் பக்கம் வரிசையாக ஏழெட்டு வீடுகள் இருந்தன.

அணு இல்லைதான். ஆனால் அந்த மேடைக்குள் ஒரு தப்பு புதைந்துதான் கிடந்தது. ஊர் வேறு காரணத்துக்காகப் பயந்து, தடுக்க வேண்டிய வேலையைத்தான் தடுத்து நிறுத்தியிருந்தது.

அதற்குப் பிறகு பெயர் வைப்பது கஷ்டமாக இல்லை. உமையாள் அறையிலிருந்து மனுத்தாளும் பேனாவும் கொண்டுவந்து கொட்டகையில் உட்கார்ந்தார். நான் கொண்டுவந்திருந்த பட்டியலை ஒவ்வொன்றாக வாசிக்க வேண்டும். அவர் அதை எங்கே உடைத்தால் கெட்டுப்போகுமோ அங்கே உடைத்து எழுதி, கூட்டத்துக்கு உரக்க வாசித்துக் காட்டுவார். அகலக்கற்றை முதல் சுற்றிலேயே போனது. தரக் குழுவை நானே விலக்கிவிட்டேன். 'வீட்டு இணைய விதிக் குழு' என்றதும் நாகசாமி, "விதியப் பாக்குறதுக்குத்தான் மேல ஒருத்தன் இருக்கானே தாயி, அதுக்கொரு குழு வேற எதுக்கு" என்றார். அதுவும் போனது. இணையம் என்பதா நெட்டு என்பதா என்று கொஞ்சம் வாக்குவாதம் நடந்தது. "பலகையில இணையம்னு இருக்கட்டும். வாயில தன்னால நெட்டுன்னு வந்துரும்" என்று உமையாள் முடித்து வைத்தார்.

கடைசியில் நின்றது இது: வீட்டு இணைய இணைப்புக்குத் தரம் வகுக்கும் குழு. உமையாள் அதை ஏழு விதமாக உடைத்து எழுதிப் பார்த்தார். எப்படி உடைத்தாலும் யாரையும் பயமுறுத்தவில்லை. கூட்டத்தில் ஒரு கிழவர் மட்டும், இது பெயர் மாதிரி இல்லையே, என்ன வேலை என்று கேட்டால் சொல்கிற பதில் மாதிரி இருக்கிறதே என்றார். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை.

உப்பளத்து வரப்பில் சிக்னல் கிடைக்கிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டு குழுத் தலைவருக்குப் போன் செய்தேன். பெயர் நீளம் என்றார். ஆமாம் என்றேன். அணுகல் என்ற சொல் எங்கே போயிற்று என்று கேட்டார். இணைப்பு என்பதில் இருக்கிறது, இங்கே எல்லோருக்கும் அது புரிகிறது என்றேன். பிறகு அஸ்திவாரத்தை உடைத்துவிட்டோம் என்று சொன்னேன். அனுமதி இல்லாமலா என்று கேட்டார். ஆழம் எவ்வளவு இருந்தது என்று நம்புராஜனே போனை வாங்கிச் சொன்னார். குழுத் தலைவர் அளவைக் குறித்துக்கொண்டார். அளவுகளைப் படத்தோடு அனுப்புங்கள், சோதனை மாரியூரிலேயே இருக்கட்டும், மேடையைப் புதிதாகப் போட வேறு ஆளைப் பார்க்கிறேன் என்றார். பெயரை உறுப்பினர்கள் முன் வைப்பதாகவும் சொன்னார். சித்திரையில் நடந்த கூட்டத்தில் ஒரே ஒருவர் மட்டும் நீளத்தைக் காரணம் காட்டி எதிர்க்க, பெயர் நிறைவேறியது. நம்புராஜனுக்குப் புது அடையாள அட்டை வந்துவிட்டது. பெண் வீட்டார் மனம் மாறினார்களா என்று நான் கேட்டதற்கு, அந்தப் பெண்ணுக்கு வேறு இடத்தில் முடிந்துவிட்டது மேடம் என்று மட்டும் பதில் வந்தது.

ஊர் கூடிய அன்று மாலை, குழியைப் படமெடுக்க நம்புராஜன் அங்கேயே தங்கியதால், எனக்கான சாயல்குடி பஸ் வருவதற்கு முன்னால் உமையாளிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்ததுமே, அதெல்லாம் கொட்டகையிலேயே சொல்லிட்டீகளே அக்கா என்று நிறுத்திவிட்டார். குழுவின் தமிழ் ஆவணங்களை அச்சுக்குப் போகும் முன் அவர் ஒருமுறை உரக்க வாசித்துப் பார்த்துத் தருவாரா, அதற்குரிய சம்பளத்தோடு, என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். யோசிக்கவும் ஆரம்பித்துவிட்டார், எத்தனை பக்கம் வரும், எத்தனை நாளில் கேட்பீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்போது வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். காலையில் கூட்டத்தில் தூணைத் திரும்பிப் பார்த்தவர்களில் ஒருவர். கையில் பிளாஸ்டிக் கவர், அதற்குள் மடித்த காகிதங்கள். ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் மாமியாருக்குக் கொடுத்த சீட்டு என்றார். நேற்றே வந்தது, சாயல்குடிக்குக் கொண்டுபோகலாம் என்று வைத்திருந்தேன் என்று சொல்லிவிட்டு, அதற்கு மேல் என்ன சொல்வது என்று தெரியாமல் கவரை நீட்டினார்.

உமையாள் அதை வாங்கினார். என்னிடம் பேசிக்கொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டார். நாற்காலியை இழுத்து அந்தப் பெண்ணை உட்காரச் சொல்லி, காகிதத்தை மேஜையில் விரித்து, ஒவ்வொரு சொல்லின் கீழும் விரலை வைத்து, நிதானமாக உரக்க வாசிக்க ஆரம்பித்தார். வெளியே நம்புராஜன் வண்டியின் ஹாரனை அடித்து பஸ் வந்துவிட்டது என்று கூப்பிட்டார். நான் கையைக் காட்டி அவரைப் பேசாமல் இருக்கச் சொன்னேன். பஸ் போயிற்று. உமையாள் இரண்டாம் பக்கத்தைத் திருப்பினார். அடுத்த பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது.